பொனட்டில் விழுந்த சூரியன்

துரையின் காரைத் துடைக்கப் போகிறவன் முதலில் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும் என்பது மாயாண்டியின் சட்டம். பெல்ட்டுக்குப் பிறகு மோதிரம். மோதிரத்துக்குப் பிறகு சட்டை, ஏனென்றால் சட்டைக்குப் பித்தான் உண்டு, பித்தான் கீறும். இப்படி எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டு, எலும்பைத் தொடும் காலைக் குளிரில் வெறும் பனியனோடு நின்று, மலை ஊற்றுப் பீலியில் பிடித்து வந்த தண்ணீரைக் காரின் மேல் சும்மா ஊற்றுவான். தொட மாட்டான். தூசி தானாக ஊறி, தானாக இளகி, தானாக வழிந்து போக வேண்டும். அதற்கப்புறம்தான் துணி. சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. துணி கை தவறித் தரையில் விழுந்தால் அத்தோடு அதன் பதவி போய்விடும். பிறகு அது அடுப்படியில் சட்டி இறக்கத்தான் ஆகும்.

"மாரியம்மனுக்குக் கூட இம்புட்டு ஆசாரம் கெடையாது," என்பாள் அவன் மனைவி பூரணி.

"மாரியம்மன் கோவிச்சுக்கிட்டா ஒரு தேங்காய ஒடைச்சு சமாதானம் பண்ணிக்கலாம் புள்ள. தொரை கோவிச்சுக்கிட்டா?"

ஹட்டனிலிருந்து ஆறு மைல் தள்ளிய சின்னக்கல் தேயிலைத் தோட்டத்தின் மானேஜரான பெரிய துரைக்கு மனிதர்கள் மேல் இருந்த பொறுமை அந்தக் கறுப்புக் கார் விஷயத்தில் கிடையாது. மாயாண்டிக்கு முன்னால் இருந்த டிரைவர் கினிகத்தேனையிலிருந்து ஒரு பலாப்பழத்தைக் கூரையில் கட்டிக்கொண்டு வந்தான். பழம் நல்ல இனிப்பு என்று தின்றவர்கள் சொன்னார்கள். கூரையில் முள் கீறிய தடத்தைத் துரை பார்த்த அன்று மாலையே அவன் கையில் பத்துச்சீட்டு. தோட்டத்தைவிட்டுப் போ என்று எழுதிக் கொடுக்கும் அந்தத் துண்டுக் கடுதாசியை வாங்கியவனை அடுத்த தோட்டமும் ஏனென்று கேட்டுத்தான் உள்ளே விடும். மாயாண்டியோ இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு, பதில் வராமல் காத்திருப்பவன். இந்தத் தோட்டத்தை விட்டால் இந்தியாவுக்குக் கப்பல்தான்.

கார் கொட்டகையை ஒட்டி டிரைவருக்கென்று இரண்டறை வீடு. வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றைக் காம்பிராவில் ஏழு வருஷம் புகை தின்றவள் பூரணி. அங்கே பக்கத்து வீட்டுக்காரன் இருமினால் இவள் வீட்டுச் சட்டி அதிரும். இங்கே பலகைத் தரை, தனியாக ஒரு பீலி, ஜன்னலுக்குக் கண்ணாடி. கொழுந்து கிள்ளப் போவது மட்டும் நிற்கவில்லை. காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மலைக்கு ஏறி, கூடையோடு இறங்கும்போது ஜன்னல் கண்ணாடியைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வருவாள்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முந்தி துரை ரயிலேறிக் கொழும்புக்குப் போனார். சனிக்கிழமை பகல் வண்டிக்குத் திரும்பி வருவதாகச் சொல்லி. பூசை புதன்கிழமை. பாக்டரியில் இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டுப் பூசாரி கொட்டகைக்கும் வந்தார். காரின் பொனட்டில் மூன்று விரல் திருநீற்றுப் பட்டை, நடுவில் உள்ளங்கையளவு சந்தனம், அதன் மேல் குங்குமம். கடலையும் அவலும் தின்றுவிட்டு எல்லாரும் போனார்கள். விடியற்காலை பெரிய கிளாக்கரின் ஆள் வந்து கதவைத் தட்டினான். லொறி டிரைவர் பூசையை வேறு விதமாகக் கொண்டாடிவிட்டு எழுந்திருக்கவில்லையாம். உரம் ஏற்ற மாயாண்டிதான் போக வேண்டுமாம்.

"வந்து கழுவிக்கிறேன். கிட்ட போயிராத," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கிட்டப் போகாதே என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்றது. பூசைக்கு மறுநாள் மலையில் அரை நாள்தான் வேலை, பெரட்டுக்கு நேரமிருந்தது. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். இரவுப் பனி உள்ளே புகுந்து குங்குமம் இளகி, சிவப்பாக ஒரு கோடு முன் விளக்கை நோக்கி இறங்கியிருந்தது. மனுஷன் வரும்வரை விட்டால் கறை பிடித்துவிடும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் பரவும். அவள் புத்தி அப்படித்தான் கணக்குப் போட்டது.

கழுவி உலர்த்திய துண்டை எடுத்து உலர்ந்த சந்தனத்தைத் துடைத்தாள். சந்தனம் பொரிந்து உதிர்ந்தது. குங்குமம் மட்டும் போகவில்லை. பூசைத் தட்டில் திருநீறு மிச்சமிருந்தது. வெள்ளைத் துணியில் சலித்த திருநீறு. குழந்தை நெற்றியில் பூசுவது. உலகத்தில் அதைவிட மெத்தென்ற சாமான் எது? இரண்டு சிட்டிகை போட்டு, குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். கறை போயிற்று. அதே கையோடு பொனட் முழுவதையும் தேய்த்துவிட்டாள். பனி மூட்டத்தில் அது பளபளவென்று இருந்தது. அவள் மனசும்தான்.

பகல் பன்னிரண்டுக்கு மூட்டம் கலைந்தது. மாயாண்டி லொறியை விட்டுவிட்டு வந்து, கழுவுவதற்காகக் காரைத் தள்ளி வெளியே நிறுத்தினான். பூரணி மலையிலிருந்து இறங்கி வந்தபோது அவன் வாளியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் ஊற்றவில்லை. நின்றான், அவ்வளவுதான்.

"என்னங்க?"

"நீயே பாரு."

பார்த்தாள். பொனட்டுக்குள் சூரியன் விழுந்திருந்தது. அதைச் சுற்றி, முடியைவிட மெல்லிய வெள்ளிக் கம்பிகளால் ஒரு சிலந்தி வலை. ஆயிரம் வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று. அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். வலையும் சூரியனோடு நகர்ந்தது. வலப்பக்கம் நகர்ந்தாள், அங்கேயும் வந்தது. எங்கே நின்று பார்த்தாலும் வலையின் நடுவில் சூரியன் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பயத்திலும், இத்தனை அழகாக ஒன்றை இதுவரை பார்த்ததில்லையே என்று ஒரு நினைப்பும் கூடவே வந்து தொலைந்தது.

"நான்தாங்க. குங்குமம் வழிஞ்சிருந்துச்சு. திருநீறு போட்டுத் தொடச்சேன்."

"திருநீறு போட்டு."

"அது மெதுவாத்தானே இருக்கும்?"

"சாம்பல் புள்ள அது! சாணி எரிச்ச சாம்பல். தரையில கெடந்த சாணியில மண்ணு இருக்கும், மண்ணுல கல்லு இருக்கும். மனுசன் நெத்திக்குத் தெரியாது. பெயிண்டுக்குத் தெரியும்." வாளியைக் கீழே வைத்தான். "பலாப்பழம் பரவாயில்ல. அது ஒரு கோடு. நீ கோலமே போட்டுட்ட."

திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் கொடுத்த தேத்தண்ணியை ஆறவிட்டான்.

இரண்டு மணி பஸ்ஸில் இருவரும் ஹட்டனுக்குப் போனார்கள். கடைத்தெருவில் சண்முகராஜா முதலாளியின் ஜவுளிக் கடை. அவர் ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து பழைய கார் வாங்கி ஓட்டியவர் என்பது மாயாண்டியின் நம்பிக்கைக்குக் காரணம். பூரணியின் நம்பிக்கைக்குக் காரணம் ஒன்றுமில்லை. போகச் சொன்னான், போனாள்.

முதலாளி கல்லாவுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி கதையைக் கேட்டார். சிரிக்கவில்லை. ஜவுளிக்காரர்கள் சிரித்தால் வாங்க வந்தவனுக்குத் தைரியம் வந்துவிடும்.

"நகத்தை வச்சு இழுத்துப் பாத்தியா? மாட்டுதா?"

மாயாண்டி விழித்தான். அதற்குள் பூரணி, "மாட்டலீங்க மொதலாளி. இழுத்துப் பாத்தேன். கண்ணுக்குத்தான் தெரியுது, நகத்துக்குத் தெரியல," என்றாள்.

முதலாளி அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்பப் பொழைச்சீங்க. நகம் மாட்டுனா ஆழம். மாட்டலைன்னா மேலாப்புல கெடக்கு. பக்கத்து மோட்டார் சாமான் கடையில பாலிஸ் களிம்பு டப்பா இருக்கும். நைசு கேட்டு வாங்கு, முரட்டை வாங்காத."

"துணி ஒரு ரெண்டு கெஜம் வெட்டுங்க மொதலாளி. நல்லதா."

"வெட்ட மாட்டேன்."

"ஏங்க?"

"புதுத் துணி பூரா கஞ்சி. கஞ்சியும் கீறும். என் காரு எப்படிப் போச்சுன்னு நெனைக்கிற? என் கடைத் துணியிலயே தொடச்சேன். வெளியில சொல்லிராத." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "யோகேஸ்வரி! ஓங்கப்பா வேட்டிய எடுத்தா!"

அவர் மனைவி யோகேஸ்வரியம்மாள் ஒரு பழைய மல் வேட்டியைக் கொண்டு வந்து, "இதை எதுக்கு?" என்றாள்.

"காருக்கு. இருவது வருசம் வெளுத்தது. ஓங்கப்பாவை விட மெதுவா இருக்கும்." அம்மாள் முறைத்துவிட்டுப் போனாள். முதலாளி வேட்டியின் கரையையும் ஓரத் தையலையும் கத்தரிக்கோலால் கவனமாக நறுக்கி எடுத்தார். "தையல்தான் எமன். இந்தாம்மா, கண்ணை மூடி எமை மேல வை. உறுத்துதா?"

பூரணி வைத்துப் பார்த்தாள். மூடுபனி தொட்டது போலிருந்தது. "இல்லீங்க."

"எமைக்கு உறுத்தாதது பெயிண்டுக்கும் உறுத்தாது. இப்ப ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. கீறலை எவனாலயும் எடுக்க முடியாது. கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை எப்படி எடுப்ப? சுத்தி இருக்கற மேட்டைத்தான் பள்ளம் மட்டத்துக்கு எறக்கணும். நீ எடுக்கறது கீறலை இல்ல, நல்ல பெயிண்டை. அது கடுதாசி கனம்தான் இருக்கு. ஒரு தடவை தாங்கும். ரெண்டாந் தடவை இதே கூத்துன்னா தகரம் பல்லைக் காட்டும்."

"என்ன குடுக்கணும் மொதலாளி?" என்றான் மாயாண்டி மெதுவாக.

"சனிக்கெழம ஸ்டேசனுக்குப் போகையில என் கடை வாசல்ல ஒரு நிமிசம் நிறுத்து. அது போதும். துணி கேட்டு வந்தவனைத் துணி விக்காம அனுப்புறது எனக்கு இதான் முதல் தடவை. அதுக்கு என்ன கெடைச்சுச்சுன்னு நான் பாக்கணும்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கொட்டகை நிழலில் வேலை தொடங்கியது. மாயாண்டி பீலித் தண்ணீரை ஊற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு மணல் பொட்டுகூட இல்லையென்று ஆனபின் துணியில் களிம்பைத் தொட்டுப் பொனட்டின் ஒரு மூலையில் தேய்த்தான். நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் துணியைத் திருப்பினான். கறுப்பாக இருந்தது. கரி அப்பின மாதிரி.

"பூரணி! காரு கரையுதுடி!"

"மொதலாளிதான் சொன்னாரே, நல்ல பெயிண்டைத்தான் எடுக்கறோம்னு."

"சொன்னா? சொல்றது லேசு." பதற்றத்தில் அவன் இன்னும் அழுத்தித் தேய்த்தான். அழுத்தினால் ஆழும். லொறி ஸ்டியரிங்கை மல்லுக்கட்டித் திருப்பிப் பழகிய கை வேறு.

"தள்ளுங்க," என்றாள் பூரணி. வளையலைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். தாலிக்கொடியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டாள். மலையில் சேலை நனையாமல் இடுப்பில் சாக்குப் படங்கு கட்டுகிற கயிற்றை அவிழ்த்தாள். சட்டம் சட்டம்தானே.

நாலு விரலைத் துணிக்குள் வைத்து, கொழுந்தை நசுக்காமல் கிள்ளுகிற அந்த அழுத்தம் மட்டும் கொடுத்து, நேராக முன்னும் பின்னும். வட்டம் போடவில்லை, வட்டம் போட்டுப் பட்டது போதும். ஒரு சாண் இடம், அப்புறம் துணியைத் திருப்பி அடுத்த சாண். களிம்பு காய்ந்து மங்கியதும் வேறு துணியால் துடைத்தாள். மாயாண்டி குனிந்து பார்த்தான். காரை வெயிலுக்கு ஒரு முழம் தள்ளினான்.

அந்த ஒரு சாண் இடத்தில் வலை இல்லை. மற்ற இடமெல்லாம் கம்பிகள் மினுங்க, அந்தச் சதுரம் மட்டும் கிணறு மாதிரி ஆழமாக இருந்தது. மேகம் ஒன்று அதற்குள் அவசரமில்லாமல் நகர்ந்து போயிற்று.

"ஏங்க..." என்றாள். துணியைத் திருப்பிக்கொண்டு அடுத்த சாணுக்கு நகர்ந்தாள்.

பொனட் முடியப் பதினொரு மணியாயிற்று. ரொட்டியும் சம்பலும் தின்ன உட்கார்ந்து, தூரத்திலிருந்து காரைப் பார்த்தபோதுதான் அடுத்த இடி. பொனட் புதுசு, கதவுகள் பழசு. அதுவரை யாருக்கும் தெரியாமல் கிடந்த மங்கல் எல்லாம் இப்போது பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தது.

"இப்பத் தொரை கண்ணு நேரா பொனட்டுக்குத்தான் போகும்," என்றான் மாயாண்டி. "ஏன் இங்க மட்டும் பளபளங்குதும்பாரு."

"அப்ப முழுக்கச் செய்வோம்."

"நாளைக்குப் பகல் வண்டி புள்ள!"

"பேசிக்கிட்டு இருந்தா வண்டி பிந்தி வருமா?"

அவர்கள் காரின் கூரையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கங்காணி மூக்கன் கொட்டகைப் பக்கம் வந்தார். பெரட்டில் பூரணியின் பேரைக் கூப்பிட்டு ஆளில்லாமல் போன கோபம் அவர் நடையிலேயே இருந்தது.

"என்னம்மா, மகாராணி மலைக்கு வரலியோ? கொழுந்து தானா கூடையில வந்து குதிக்குமோ? பேரை வெட்டிப்புடுவேன், தெரியும்ல..." என்று ஆரம்பித்தவர் பொனட்டைத் தாண்டும்போது நின்றார். குனிந்தார். பொனட்டுக்குள் ஒரு கங்காணி குனிந்தார். தலைப்பாகையைச் சரி செய்தார், அவரும் செய்தார். மீசையின் இடப்பக்கம் ஒன்றிரண்டு நரை இருந்ததை ஐம்பது வயசில் அப்போதுதான் மனுஷன் கண்டுபிடித்தார் போலிருக்கிறது.

"கங்காணியாரே, மூச்சு விடாதீங்க, ஆவி படியுது," என்றான் மாயாண்டி.

மூக்கன் மூச்சை அடக்கிக்கொண்டே நிமிர்ந்தார். "நாளைக்கு மத்தியானத்துக்கு மேலயாவது மலைக்கு வந்துரு தாயி," என்று கோயிலில் பேசுகிற குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்து கண் மங்கும்வரை தேய்த்தார்கள். சனிக்கிழமை முதல் வெளிச்சத்துக்கே பின்பக்கத்தைத் தொடங்கினார்கள். பத்தரைக்குக் கடைசிக் கதவு முடிந்தது. கொட்டகையில் இருந்த மெழுகுப் பாலிஸை மேலாகத் தடவித் துடைத்தார்கள். பூரணியின் விரல் நுனிகளில் தேயிலைக் கறை போய்க் கார்க் கறை ஏறியிருந்தது. அந்த வேட்டி இனி எந்த மாமனாருக்கும் ஆகாது.

மாயாண்டி தொப்பியைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். "அவரு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க. பொய் சொன்னா ஓங்க காது செவக்கும், எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா?"

கார் வளைவில் திரும்பியபோது மலைச்சரிவு முழுவதும் அதன் பக்கவாட்டில் ஓடிற்று. பச்சை ஆறு ஒன்று கறுப்புக் கரையில் போவது போல.

மூன்று மணிக்குப் பூரணி மலையில் தேயிலை நிரையில் நின்று கிள்ளிக்கொண்டிருந்தாள். பார்வை கையில் இல்லை. கீழே ரோட்டில் சரளைக் கல் நெரிபடும் சத்தம் கேட்டது. கார் பங்களாப் பக்கம் திரும்ப வேண்டியது, திரும்பவில்லை. நேரே வந்து அவர்கள் நிரைக்குக் கீழே நின்றது. துரை இறங்கினார். மாயாண்டி இறங்கித் தொப்பியைக் கழற்றினான்.

"பூரணி!" மூக்கன் கத்தினார். "தொரை கூப்புடுறாரு, எறங்கு! ஓடு!"

கூடையோடு இறங்கினாள். முப்பது பெண்களும் கொழுந்தை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பக்கத்து நிரை வீரம்மா, "அய்யோ, பத்துச்சீட்டா?" என்று யாரிடமோ கேட்டது அவள் காதில் விழுந்தது.

மாயாண்டியின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. காது மட்டும் சாதாரண நிறத்தில் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"நீ," என்றார் துரை, தமிழை ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி வைப்பவர் போல. "திருநீறு போட்டது நீ?"

"ஆமாங்க தொரைகளே."

"கீறினது நீ."

"ஆமாங்க."

"அப்புறம்... இது?"

அவர் பொனட்டின் பக்கம் திரும்பினார். வானம் அன்று கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பொனட்டுக்குள் சிவனொளிபாத மலை நின்றது, உச்சியில் ஒரு துண்டு மேகத்தோடு. மலையின் நெற்றியில் ஒரு வெளிச்சக் கோடு, ஓரங்களில் தேயிலை. துரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் காரை ஏழு வருஷமாக வைத்திருக்கிறவர்; இந்த மலையைப் பதினைந்து வருஷமாகப் பார்க்கிறவர். இரண்டையும் இன்றுதான் பார்ப்பது போல வாய் லேசாகத் திறந்திருந்தது. மெல்லக் கையை நீட்டி, விரலால் அந்த மலையுச்சியைத் தொடப் போனார்.

ஹட்டனிலிருந்து ஆறு மைல் சரளை ரோடு. பொனட்டின் மேல் மாவு தூவினாற்போல் மெல்லிய தூசி. அது பூரணியின் கண்ணுக்குத்தான் தெரிந்தது.

"தொடாதீங்க!"

மலை முழுக்கக் கேட்டது. மூக்கன் கங்காணியின் கைத்தடி கீழே விழுந்தது. தேயிலைச் செடிகூட ஒரு கணம் அசைவதை நிறுத்திவிட்டதென்று பின்னால் வீரம்மா சத்தியம் செய்தாள்.

துரையின் விரல் பெயிண்டுக்கு ஒரு நூல் மேலே நின்றது.

சொன்ன பிறகுதான் பூரணிக்குத் தான் சொன்னது புரிந்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அது சரியான வார்த்தை. "தூசி இருக்குங்க தொரைகளே," என்றாள், குரல் அடங்கி. "வெரலு இழுத்தா கீறும். மொதல்ல தண்ணி ஊத்தணும். இன்னொரு தடவைக்குப் பெயிண்டு தாங்காதுங்க."

மாயாண்டி கண்ணை மூடிக்கொண்டான்.

துரை விரலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கறுப்பேறிய அவள் பத்து விரல்களையும் பார்த்தார். பிறகு கையை மெதுவாக மடக்கிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சற்று யோசித்து, மற்றக் கையையும் போட்டுக்கொண்டார்.

"மாயாண்டி."

"தொரைகளே!"

"பங்களாவுக்குப் போனதும், மொதல்ல தண்ணி."

"சரிங்க தொரைகளே!"

அதற்குப் பிறகும் அவர் காரில் ஏறவில்லை. இரண்டு கையும் பைக்குள் இருக்க, திட்டு வாங்கிய பையனைப் போல இடுப்பை மட்டும் வளைத்து மறுபடியும் பொனட்டுக்குள் குனிந்தார். பூரணிக்கும் பார்க்காமலிருக்க முடியவில்லை. கூடைக் கயிற்றை நெற்றியில் பிடித்தபடி அவளும் ஓரமாகக் குனிந்தாள். உள்ளே, மலைக்கு இந்தப் பக்கம் தொப்பி போட்ட ஒரு முகமும் அந்தப் பக்கம் கூடை சுமந்த ஒரு முகமும் தெரிந்தன. நடுவில் சூரியன். அதைச் சுற்றி ஒரு கம்பியும் இல்லை.